பெற்றோல் மணக்கும் பழைய கார்: கழற்றி எறியக் கூடாத கறுப்பு டின்

2022 ஏப்ரல், நோன்பு மாதம். தராவீஹ் முடிந்து கல்முனையில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது தெருவெல்லாம் இருள். மின்வெட்டு நேரம். போர்டிகோவில் எங்கள் பழைய யப்பான் கார், முன்பக்கம் வீட்டைப் பார்த்தபடி நின்றது. அதன் பொனட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, வாசற்படியில் உம்மா குப்பி விளக்கொன்றைக் கொளுத்தி வைத்திருந்தார். இருட்டில் நான் தடுக்கி விழுந்துவிடுவேனோ என்ற கவலை அவருக்கு. கேற்றைத் திறந்ததும் என் மூக்கில் முதலில் பட்டது பெற்றோல் மணம்.

விளக்கை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, அயல்வீட்டுத் தம்பிமார் இருவரைக் கூப்பிட்டுக் காரைத் தெருவுக்குத் தள்ளினோம். ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மணத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவன் நானேதான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். வெயிலில் நிறுத்தினால் கார் பெற்றோல் மணக்கிறது என்று சொன்னேன். அங்கிருந்த காக்கா பொனட்டைத் திறந்து, மூலையில் இருந்த கறுப்பு டின்னைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இதுதான் சாமான், பழுதாப் போயிட்டு. இது இல்லாட்டியும் கார் ஓடும். கழட்டிட்டு பைப்ப அடச்சி விடுறன், ஒரு பிரச்சினையும் வராது" என்றார். நானும் சரியென்றேன். அவர் எஞ்சின் பக்கக் குழாயை அடைத்தார். தாங்கியிலிருந்து வரும் குழாயைத் திறந்தபடியே விட்டார். கார் நன்றாகத்தான் ஓடியது. தாங்கியில் உண்டாகும் ஆவி முழுவதும் அன்றிலிருந்து எங்கள் போர்டிகோவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பழைய பெற்றோல் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் இருந்த கார்களையே ஓட்டினோம். இன்றைய விலையில் நம்மில் பலர் இன்னும் பல ஆண்டுகளுக்கு அவற்றையேதான் ஓட்டப் போகிறோம். அந்தக் கார்களில் அதிகம் கவனிக்கப்படாத சாமான் இந்த டின்.

இது என்ன சாமான்?

கராஜில் இதைக் 'கனிஸ்டர்' என்பார்கள். கரி நிரப்பிய ஒரு குடுவை, அவ்வளவுதான். 1990களின் கார்களில் பெரும்பாலும் பொனட்டுக்குள் ஒரு மூலையில், பால்மா டின் அளவில், மூன்று குழாய்கள் பொருத்தப்பட்டு இருக்கும். பிந்திய கார்கள் பலவற்றில் காரின் அடியில் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் பெட்டி வடிவில் இருக்கும்.

பெற்றோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டிருக்கும் பொருள். கார் ஓடாமல் வெயிலில் நின்றாலும் தாங்கிக்குள் ஆவி பெருகும். அதற்கு ஒரு வழி வேண்டும். பழைய காலக் கார்களில் அந்த ஆவி நேரே வெளிக்காற்றில் கலந்தது. 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தார். எரியாத பெற்றோல் ஆவியும் வாகனப் புகையும் சூரிய ஒளியில் சேர்ந்து நச்சு வாயுவாக மாறுவதை அவர் காட்டினார். அதன் பிறகு கலிபோர்னியா 1970ஆம் ஆண்டுக் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971ஆம் ஆண்டுக் கார்களிலும் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. பின்னர் அது உலகெங்கும் பரவியது.

கனிஸ்டரின் உள்ளே இருப்பது உயிர்ப்பூட்டிய கரி. சாதாரண கரியை மிக உயர்ந்த வெப்பத்தில் நீராவி போன்றவற்றால் பதப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகளை உண்டாக்குவார்கள். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு வரும். இலங்கை தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இவ்வகைக் கரியைச் செய்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு. அது பெரும்பாலும் தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரிக்கவும் போகிறது. கார்களுக்கான கரியை அதிகமும் மரத்திலிருந்து செய்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. கார் நிற்கும்போது தாங்கியின் ஆவி ஒரு குழாய் வழியாகக் கனிஸ்டருக்கு வந்து கரியில் ஒட்டிக்கொள்கிறது. ஆவி நீங்கிய காற்று மட்டும் இன்னொரு வாயால் வெளியே போகிறது. எஞ்சின் சூடாகி கார் ஓடத் தொடங்கியதும் 'பேர்ஜ் வால்வு' என்ற சிறு வால்வு திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சும் சக்தி, காற்று வாயினூடாக வெளிக்காற்றை இழுத்து, கரியில் ஒட்டியிருந்த பெற்றோலைக் கழுவிக்கொண்டுபோய் எரிக்கிறது. கரி மீண்டும் வெறுமையாகிறது. இரவில் நிரம்புவதும் பகலில் காலியாவதுமாக ஆண்டுக்கணக்கில் இது நடக்கும். நாம் காசு கொடுத்து வாங்கிய பெற்றோல் வீணாகாமல் எஞ்சினுக்கே திரும்புகிறது.

ஏன் இந்த மணத்தை அலட்சியம் செய்யக் கூடாது?

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலே போய்க் கலைவதில்லை. தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில், மூடிய போர்டிகோவில், குசினி வாசலில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ ஒன்றரை வீதம் இருந்தாலே தீப்பற்றும். சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பெற்றோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்றால், கச்சான் காற்று அனலாக வீசும் நம் ஆனி ஆடி வெயிலில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

தீ மட்டும்தான் ஆபத்து என்றில்லை. பெற்றோலில் பென்சீன் இருக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. எங்கள் பகுதியில் காணிகள் சிறியவை. மருதமுனை முதல் சாய்ந்தமருது, நிந்தவூர் வரை வீடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. போர்டிகோவுக்கு ஒரு பக்கம் படுக்கையறை ஜன்னல், மறுபக்கம் அயலவரின் அடுப்பு. கார் நிற்கும் இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

எதனால் பழுதாகிறது?

முதற்காரணம், தாங்கியை வாய் வரை நிரப்புவது. என் கனிஸ்டர் அப்படித்தான் போனது. 2022 மார்ச்சில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, நொசில் 'டக்' என்று நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக் கேட்டு நிரப்பினேன். நாளைக்குக் கிடைக்குமோ தெரியாத காலம் அது. தாங்கியின் மேற்பகுதியில் விட்டுவைக்க வேண்டிய வெற்றிடம் ஆவிக்கானது, பெற்றோல் விரிவதற்கானது. பத்துப் பாகை வெப்பம் கூடினால் பெற்றோல் ஏறத்தாழ ஒரு வீதம் விரியும். 45 லீற்றர் தாங்கியில் அது 400 மில்லிலீற்றருக்கு மேல். நிலத்தடித் தாங்கியில் குளிர்ச்சியாக இருந்த பெற்றோல், கார் வெயிலில் நின்றதும் விரிந்து, ஆவி போக வேண்டிய குழாயில் திரவமாகவே ஏறிக் கனிஸ்டருக்குள் போய்விடும். ஆவியைப் பிடிக்கத்தான் அந்தக் கரி, திரவத்தில் ஊறினால் அதன் வேலை முடிந்தது.

இரண்டாவது, வயதும் வெப்பமும். பொனட்டுக்குள் இருக்கும் இறப்பர் குழாய்கள் இருபது வருடத்தில் காய்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் மூக்குகள் மொரமொரப்பாகி, கையால் இழுத்தாலே ஒடியும்.

மூன்றாவது, கடல். நாங்கள் இருப்பது கடலுக்குச் சில நூறு மீற்றருக்குள். உப்புக் காற்று முதலில் தின்பது கிளிப்புகளையும், காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய்களையும், தகரத்தால் செய்த கனிஸ்டரின் அடிப்பக்கத்தையும்தான். மேலே வர்ணம் நன்றாக இருக்கும், கீழே கை வைத்தால் துரு உதிரும்.

நான்காவது, வெள்ளம். கனிஸ்டரின் காற்று வாய் எப்போதும் திறந்திருக்கும். 2024 நவம்பர் இறுதியில் வந்தது போன்ற வெள்ளத்தில் கார் நின்றாலோ, நீர் பாயும் வீதியில் ஓடினாலோ அந்த வாயினூடாகத் தண்ணீரும் சேறும் உள்ளே போகும். வெள்ளத்தில் நின்ற காரை வாங்குபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பூச்சிகள். நீண்ட நாள் ஓடாமல் நின்ற காரில் குளவி அந்த வாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். இதைச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். 2011இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தது. கனிஸ்டரின் காற்றுக் குழாயில் ஒருவகைச் சிலந்தி வலை பின்னியதுதான் காரணம். குழாய் அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, தாங்கியே வெடித்துக் கசியலாம் என்பது அந்த நிறுவனத்தின் கவலை.

என்ன அறிகுறிகள்?

காரை வெயிலில் நிறுத்திய பின், அல்லது இரவு முழுக்க நின்ற பின் பெற்றோல் மணம் வருவது முதல் அறிகுறி. ஓடும்போது மணக்காது, நின்றால் மணக்கும்.

பெற்றோல் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சிறு ஓசை வருவது வழமை. நீண்ட நேரம் பலமாக வந்தால் ஆவி போகும் வழியோ காற்று வரும் வழியோ அடைபட்டிருக்கலாம். சிறிது தூரம் ஓடிக் கார் இழுக்காமல் நின்று, மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடினால் காற்று வாய் அடைப்பு என்று சந்தேகியுங்கள்.

பெற்றோல் அடித்த உடனே ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படுவதும், எஞ்சின் சூடானபின் நின்ற இடத்தில் தடுமாறுவதும் பேர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்பதைக் காட்டலாம். குழாயைக் கழற்றும்போது கடுகு போலவோ சிறு குச்சி போலவோ கறுப்புத் துணிக்கைகள் விழுந்தால் கனிஸ்டர் உள்ளே உடைந்துவிட்டது. பேசித் திருத்த ஒன்றுமில்லை, மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை விளக்கை நம்பி இருக்க வேண்டாம். பிந்திய கார்களில் கணினிக் கருவியை இணைத்தால் பி0440 முதல் பி0455 வரையான எண்கள் இந்த ஏற்பாட்டில் உள்ள பழுதைச் சொல்லும். ஆனால் யப்பானின் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்யப்பட்டு இங்கே வந்த பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் கசிவைச் சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. அங்கே நம் மூக்குத்தான் கருவி.

வீட்டில் பார்க்கும் முறை

காரை வெளியே திறந்த இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சிகரெட், விளக்கு, நெருப்புக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முதலில் திரவக் கசிவு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். காரின் அடியில், பின்சீற்றின் கீழே பம் மூடியில், எஞ்சினுக்குப் பெற்றோல் வரும் குழாய் மூட்டுகளில், நிரப்பும் வாயின் இறப்பரில் ஈரம் இருந்தால் அது வேறு பழுது. அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். மெக்கானிக்கைக் காரிடம் கூட்டிவாருங்கள்.

ஈரம் இல்லையென்றால் பெற்றோல் மூடியைப் பாருங்கள். அதன் இறப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, இறுகி மூடுகிறதா? மூடியை மாற்றுவது எல்லாவற்றிலும் மலிவான திருத்தம். பல கார்களில் மூடிக்குள்ளேயே காற்றை உள்ளே விடும் சிறு வால்வு இருக்கிறது. ஆகவே அளவு சரி என்பதற்காக வேறு காரின் மூடியைப் போடாதீர்கள்.

அடுத்து குழாய்கள். ஒவ்வொன்றையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைவில்தான் தெரியும். எது எங்கே போகிறது என்பதைக் கழற்ற முன்பே தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குழாயை மாற்றிப் பொருத்தியதால் வந்த பழுதுகளும் உண்டு.

பின்பு கனிஸ்டர். கழற்றிக் கையில் எடுத்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே திரவம் அசைந்தால் ஊறிப்போய்விட்டது. துணிக்கைகள் கலகலத்தால் உடைந்துவிட்டது. சைக்கிள் பம்பால் தாங்கிப் பக்க மூக்கில் மெதுவாகக் காற்றடித்தால், காற்று வாயால் அது தடையில்லாமல் வெளியேற வேண்டும். அதிக அழுத்தம் கொடுக்க வேண்டாம்.

வாயால் மட்டும் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். யுத்த காலத்திலும் 2022இலும் குழாயை வாயில் வைத்து பெற்றோல் இழுத்தவர்கள் நம்மில் பலர். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போன்ற கடும் பாதிப்பு வரும். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாகப் பேர்ஜ் வால்வு. மின்சாரம் கொடுக்காதபோது அதனூடாகக் காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் 'கிளிக்' என்று திறந்து காற்றை விட வேண்டும். இந்தச் சோதனையைக் காரிலேயே வைத்துச் செய்யாமல், வால்வைக் கழற்றி, காரிலிருந்தும் பெற்றோல் மணத்திலிருந்தும் தள்ளி வைத்துச் செய்யுங்கள். வயரில் பொறி பறக்கும்.

என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

குழாய் மட்டும் வெடித்திருந்தால் அதை மாற்றினால் போதும். பெற்றோலுக்கென்று செய்த இறப்பர் குழாயைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய், மீன்தொட்டிக் குழாய், சேலைன் குழாய் எல்லாம் பெற்றோல் ஆவியில் சில வாரங்களில் விறைத்தோ இளகியோ போய்விடும்.

பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்திருந்தால் பெற்றோலுக்குத் தாக்குப்பிடிக்கும் இரண்டு கலவைப் பசையால் தற்காலிகமாக ஒட்டலாம். சூட்டுக் கம்பியால் உருக்கி ஒட்டுவது, ஈயம் பற்றவைப்பது, வெல்டிங் செய்வது எதுவும் கூடாது. கனிஸ்டர் காலியாகத் தெரிந்தாலும் கரிக்குள் பெற்றோல் இருக்கும்.

ஊறிய கனிஸ்டரைத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். சரியாகாது. காயும் நேரம் முழுவதும் அது பெற்றோல் ஆவியைத்தான் விட்டுக்கொண்டிருக்கும். இன்னும் சிலர் டின்னை வெட்டி, அடுப்புக்கரி போட்டு மூடுவார்கள். அடுப்புக்கரிக்கு அந்தத் துளைகள் இல்லை. அதன் தூள் குழாய் வழியே போய்ப் பேர்ஜ் வால்வை அடைக்கும், எஞ்சினுக்குள்ளும் இறங்கும்.

புதிய கனிஸ்டர் நமது பழைய கார்களுக்குக் கிடைப்பது அரிது. பாவித்த சாமான் வாங்குவதே நடைமுறை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். இங்கேயே உடைத்து விற்கும் கார்களிலும் கிடைக்கும். வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள்: மூக்குகளின் எண்ணிக்கையும் பருமனும் உங்களுடையதைப் போலவே இருக்கிறதா, குலுக்கினால் சத்தமில்லாமல் இருக்கிறதா, கையில் எடுத்தால் பாரமில்லாமல், ஈரமில்லாமல் இருக்கிறதா, அடிப்பக்கத்தில் துரு இல்லையா. பழையதைக் கையோடு கொண்டுபோனால் கடைக்காரரோடு வாதாடத் தேவையில்லை. அளவில் சிறிய காரின் கனிஸ்டரைப் பெரிய காருக்குப் போடாதீர்கள், சீக்கிரம் நிரம்பிவிடும்.

கனிஸ்டரை மாற்றும்போது பேர்ஜ் வால்வையும் குழாய்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த கரித் துணிக்கைகள் குழாயில் மிச்சமிருந்தால், புதிதாகப் போட்ட கனிஸ்டர் சரியாக இருந்தும் வால்வு திரும்பவும் அடைபடும்.

சாமான் வரும்வரை காரை ஓட்ட வேண்டியிருந்தால் ஒரு விடயத்தை மறக்காதீர்கள். தாங்கியிலிருந்து வரும் ஆவிக் குழாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் தாங்கிக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான இடம் எதுவோ அங்கே பெற்றோல் கசியும். பழுதான கனிஸ்டரையே அதன் இடத்தில் பொருத்தி வைத்திருங்கள், ஓரளவாவது வேலை செய்யும். தாங்கியை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். காரை வீட்டை ஒட்டி நிறுத்தாமல் திறந்த இடத்தில், நிழலில் நிறுத்துங்கள்.

புகைச் சான்றிதழ் இதைச் சொல்லாது

"புகைப் பரிசோதனையில் பாஸ் ஆயிட்டுத்தானே" என்று பலர் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்காக நாம் எடுக்கும் அந்தச் சான்றிதழ், பெற்றோல் கார்களில் சைலன்சர் வாயால் வரும் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் மட்டுமே அளக்கிறது. எஞ்சின் நிற்கும்போது தாங்கியிலிருந்து வரும் ஆவியை அங்கே யாரும் அளப்பதில்லை. கனிஸ்டரே இல்லாத காரும் அந்தப் பரிசோதனையில் தேறும். என் கார் தேறியது.

நமக்குப் பழகிப்போன மணம்

அந்தக் கராஜ் காக்கா மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழில் பழகிய காலம் அப்படி. கொழும்பிலிருந்து சாமான் வருமா வராதா என்று தெரியாத நாட்களில், எது இல்லாமல் வாகனம் ஓடும் என்று அறிந்தவரே நல்ல மெக்கானிக். வடக்கில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களை ஓடவைத்த கைகளை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அவற்றில் கனிஸ்டர் என்ற சாமானே இருக்கவில்லை. ஆவி காற்றோடு போனது. ஆகவே பெற்றோல் மணம் வாகனத்தோடு கூடப் பிறந்தது என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

2022இல் அந்தப் பழக்கம் திரும்பி வந்தது. யூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது. ஓகஸ்ட்டில் கியூஆர் முறை நாடு முழுவதும் வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான். கிடைத்ததை வாய் வரை நிரப்புவது, மிச்சத்தைப் போத்தலில் ஊற்றிக் கட்டிலுக்கடியில் வைப்பது, மணத்தோடு தூங்குவது எல்லாம் யுத்தம் நமக்குச் சொல்லித்தந்த சிக்கனம். அன்று அதற்குக் காரணம் இருந்தது. பின்னர் அந்த வரிசைகள் ஓய்ந்தன, அந்தக் கியூஆர் முறையும் 2023இல் நின்றது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு பாவித்த கனிஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்தேன். பொருத்தித் தந்தவர் அதே காக்காதான். விடயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கழற்றிப் போட்ட பழைய டின்னைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "இனி நான் இத ஆருக்கும் கழட்டிக் குடுக்க மாட்டன் தம்பி" என்றார். கூலியும் வாங்கவில்லை.

இப்போது பெற்றோல் அடிக்கப் போனால் நொசில் முதல் தடவை நின்றதும் "போதும்" என்று சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு தடவை, காலையில் கார் ஆறியிருக்கும் நேரம் பொனட்டைத் திறந்து குழாய்களைத் தொட்டுப் பார்க்கிறேன். அதற்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் போர்டிகோவில் பெற்றோல் மணத்தால் இன்றே காரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். இன்றிரவு மின்சாரம் நின்றால் வீட்டில் யாராவது ஒரு விளக்கைக் கொளுத்துவார்கள்.